கன்னியாகுமரியில் ஒரு வாரம் தங்கினால் கடலைப் பற்றிக் கவிதை எழுத வருமா?

கேள்வி கேட்டவர் விவரமாக எழுதியிருக்கிறார்: வாழ்க்கை, காதல், மரணம் எல்லாவற்றையும் கடலோடு சேர்த்து ஒரு தொகுப்பு எழுத ஆசையாம். கடல் தெரிகிற அறையாகப் பார்த்து ஒரு வாரம் தங்கலாமா என்கிறார்.

தாராளமாக வாருங்கள். ஏசி அறைக்குள் வேலை, லீவு கிடைப்பதே பெரும்பாடு என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். நான் முட்டத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன். ஐஸ் ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன், ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் கவிதை எழுதுகிறேன். அதனால்தான் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

எந்த மாதம் வருகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. இங்கே ஒரே மாவட்டத்துக்குள் விசைப்படகுக்கு இரண்டு மீன்பிடித் தடைக்காலம் உண்டு. சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை; முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டுமே 61 நாள். அந்தக் கரை கிழக்குக் கணக்கு, இந்தக் கரை மேற்குக் கணக்கு. நீங்கள் ‘கடல்’ என்று ஒருமையில் எழுதப்போவது எந்தக் கடலை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது என் அப்பா கற்றுக்கொடுத்தது. பதினெட்டு வயதில் எழுதிய முதல் கவிதையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். நீலக் கடல் கண்ணாடி போல உறங்குகிறது என்று ஒரு வரி. அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். “இது எந்த மாசத்துக் கடலு மக்கா?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. “வெள்ளம் இப்படித் தெளிஞ்சு கெடந்தா மீனு வலையக் கண்டுட்டுப் போயிரும். நீ அழகுங்கிற கடலுல நமக்குக் கஞ்சி கெடையாது.” அவ்வளவுதான், திரும்ப வலைக்குள் குனிந்துவிட்டார்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பனையோலைக் கடவத்தில் மீன் சுமந்து விற்றவள். அப்பா கட்டுமரத்தில் போன காலம் அது. நடுராத்திரியில் கடல் இரைச்சல் மாறினால் அம்மாவுக்கு உறக்கம் கலைந்துவிடும். கதவைத் திறந்துபோட்டு நடைப்படியில் உட்கார்ந்துகொள்வாள். ஒருநாள் இருட்டைப் பார்த்து, “ஒனக்கு என்னத்துக்கு இந்த வெப்ராளம்? யாரு என்ன செஞ்சா ஒன்ன?” என்று கேட்டாள். அப்பாவைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்தேன். கடலிடம் கேட்டிருக்கிறாள்.

நாகர்கோவிலில் கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம் குறுந்தொகை பாடமாக வந்தது. அம்மூவனாரின் 163ஆம் பாட்டு. தலைவி கடலைப் பார்த்து, யாரால் வருத்தமுற்றாய், நள்ளிரவிலும் உன் குரல் கேட்கிறதே என்கிறாள். வாத்தியார் நெய்தல், இரங்கல் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டார், ஐந்து மதிப்பெண் கேள்வி. எனக்கு அம்மாவின் நடைப்படிதான் தெரிந்தது. சங்கப் புலவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து ஒட்டுக்கேட்டாரோ என்று சந்தேகம்கூட வந்தது.

சரி, ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கீழே சண்டைக்கு வருவீர்கள். கடற்கரையில் பிறந்தவன்தான் கடலைப் பாடலாம் என்று நான் சொல்லவே இல்லை. தேரூர்க் கவிமணி என்ன பாரசீகத்தில் போய்த் தங்கியா உமர் கய்யாமைத் தமிழில் பாடினார்? எங்கிருந்தும் எழுதலாம். நான் சொல்வது வேறு.

எனக்குக் கல்யாணம் 1998இல். அவள் தூத்தூர்ப் பக்கத்துக்காரி. அந்தப் பக்கத்து ஆண்கள் ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவர்கள், வாரக்கணக்கில் கரைக்கு வரமாட்டார்கள். நிச்சயம் முடிந்ததும் எழுதிய முதல் கடிதத்திலேயே ‘நீ என் கடல்’ என்று தொடங்கி மூன்று பக்கம் எழுதினேன். ‘கடிதம் கிடைத்தது, கையெழுத்து நன்றாக இருக்கிறது’ என்று பதில் வந்தது. அதற்கெல்லாம் நான் அசரவில்லை. பத்தொன்பது வருடம் அவளைக் கடல் என்றே எழுதினேன்.

2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். அவளுடைய தம்பி போன படகு அதற்குப் பல நாள் முன்பே புறப்பட்டிருந்தது. எச்சரிக்கை வந்து என்ன, அது அவர்களுக்கு எட்ட வேண்டுமே. நானும் மாமனாரும் கேரளத்தில் பிணவறை பிணவறையாக ஏறி இறங்கினோம். ஒவ்வொரு இடத்திலும் இது அவனாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே போனோம். நாலைந்து நாளில் வேண்டுதல் மாறிவிட்டது, அவனாகவே இருக்கட்டும் என்று. கிடைக்கவில்லை. காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ள வழக்கமாக ஏழு ஆண்டு ஆக வேண்டும். ஒக்கியில் போனவர்களுக்கு அவ்வளவு காலம் காத்திருக்காமல் நிவாரணம் கொடுத்தார்கள். அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாமியார் ஒரு வருடம் வரை இறந்தவருக்கான பூசை வைக்கச் சம்மதிக்கவில்லை.

மறுவருடம் ஒரு கவியரங்கத்துக்கு எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். பழைய பழக்கத்தில் ‘என் கடலே’ என்று ஒரு வரி வந்துவிட்டது. அவள் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. “இனி என்ன அப்படிச் சொல்லாதீங்க” என்றாள். அந்த வார்த்தையை அடித்துவிட்டேன். பதிலுக்கு என்ன போடுவது என்று தெரியவில்லை. மேடையிலும் அந்த இடத்தைச் சும்மா விட்டுத்தான் வாசித்தேன், யாரும் கவனிக்கவில்லை.

அந்த மேடையில் என்னை ‘மீனவக் கவிஞர்’ என்று அறிமுகம் செய்தார்கள். எனக்கு முன்னால் வாசித்தவர் பேங்கில் வேலை பார்ப்பவர், அவரை யாரும் ‘வங்கிக் கவிஞர்’ என்று சொல்லவில்லை. நான் வலை பிடித்ததே கிடையாது, எனக்குப் படகில் ஏறினால் வாந்தி வரும்.

இதைத் தொட்டதால் இன்னொன்று. நான் கையிலிருந்து பணம் கட்டி ஒரு தொகுப்பு போட்டேன். 300 பிரதி. அட்டையைக் காட்டாமலே அச்சடித்து அனுப்பினார்கள். பிரித்துப் பார்த்தால் வெள்ளைப் பாய் விரித்த வெளிநாட்டு உல்லாசப் படகு, பின்னால் ஆரஞ்சு வானம்! கேட்டதற்கு ‘கடல்தானே சார்’ என்றார் அங்கிருந்தவர். 212 பிரதி இன்னும் கட்டிலுக்கடியில் இருக்கிறது. வந்தால் ஒன்று தருகிறேன், அட்டையைக் கிழித்துவிட்டுப் படியுங்கள்.

சூரிய உதயத்துக்குக் கூட்டம் போவதற்கு முன் விடியற்காலை நாலு மணிக்குத் துறைமுகத்துக்குப் போங்கள். ஏலம் விடுகிறவரிடம் இன்று என்ன காற்று என்று கேளுங்கள். கச்சான், கொண்டல், வாடை என்று ஏதாவது சொல்வார். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எதற்கு உதவும் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

நவம்பர் முதல் வாரம் வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். 2ஆம் தேதி கல்லறைத் திருநாள், அன்று மனைவியின் ஊரில் இருப்போம். ஊரே கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது மாமியார் கடற்கரை மண்ணில் மெழுகுதிரி நடுவார். அங்கே காற்று நிற்காது. மறைவுக்கு வைக்க மனைவி இங்கிருந்தே சிரட்டை எடுத்துக்கொண்டு வருவாள். அந்த ஒரு நாள் என்னால் உங்களைப் பார்க்க முடியாது. மற்ற நாட்களில் மதியத்துக்குமேல் ஐஸ் ஃபேக்டரியில்தான் இருப்பேன்.