வெயிலில் பெருகும் நதி

அன்புள்ள ஐயா,

சுவிட்சர்லாந்துப் பயணக் கட்டுரையில், ரோன் நதிப் பள்ளத்தாக்கில் மலையைக் குடைந்து வாய்க்கால் வெட்டியதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பனியில் பிறக்கும் நதி வற்றாதே, அங்கே எதற்கு இவ்வளவு பாடு?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தண்ணீர் உண்டு. ஆனால் ஒன்று பள்ளத்தாக்கின் அடியில் ஓடுகிறது, இல்லையென்றால் உச்சியில் உறைந்து கிடக்கிறது. புல்வெளியும் திராட்சைத் தோட்டமும் நடுவே மலைச்சரிவில். ரோன் முதலில் ஓடும் வலே பகுதிக்கு இரு பக்கமும் 4,000 மீட்டரைத் தாண்டும் சிகரங்கள். மேகம் பெரும்பாலும் அந்தப் பக்கமே கொட்டிவிடும். வலேயில் உள்ள சியோன் நகரில் ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழைதான்.

அதனால் பனிப்பாறை உருகிவரும் ஓடைகளை மேலேயே மறித்து, சரிவோடு சரிவாக ஊருக்குக் கொண்டுவந்தார்கள். 'பீஸ்' என்பது அந்த வாய்க்காலின் பெயர். செங்குத்துப் பாறை வந்தால் அதில் மரக்கட்டைகளை அடித்து, பலகைத் தொட்டியைத் தொங்கவிட்டுத் தண்ணீரைக் கடத்தினார்கள். முறை வைத்துப் பாய்ச்சுவதுதான் வழக்கம்; யாருக்கு எவ்வளவு நேரம் என்பதை மரக்குச்சியில் வெட்டிய கோடுகள் சொல்லும். அந்த நதியில் மனிதர்கள் செய்ததிலேயே எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

அப்புறம், இந்த நதி கோடையில்தான் பெருகும், குளிர்காலத்தில் மெலிந்துவிடும். மின்சாரம் அதிகம் தேவைப்படுவதோ குளிர்காலத்தில். 1961இல் கட்டிமுடித்த கிராந்த் டிக்ஸான்ஸ் அணை இதற்காகத்தான். 285 மீட்டர் உயரம். 35 பனிப்பாறைகளின் நீரைச் சுரங்கங்கள் வழியாகச் சேர்த்து, 40 கோடி கன மீட்டர், அதாவது சுமார் 14 டி.எம்.சி., தேக்குகிறது.

ஜெனீவா ஏரியில் வண்டலை இறக்கிவிட்டு ரோன் தெளிந்து வெளியேறுகிறது. பிரான்சில் அதற்கு மின்சாரம், படகுப் போக்குவரத்து, பாசனம், அணு உலைகளைக் குளிர்விப்பது என்று வேலை ஓயாது. 

இவ்வளவுக்கும் முதல் தேக்கம் அந்தப் பனிதான். 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனிப்பாறைகள் தம் கனஅளவில் 10 சதவீதத்தை இழந்துவிட்டன. உருகும்வரை வெள்ளம் கூடும். பனி குறைந்தபின் ஆகஸ்ட் மாதத்து வாய்க்காலுக்கு என்ன வரும் என்பதே என் கவலை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோன் பனிப்பாறை கிளெட்ஷ் என்ற இடம்வரை இறங்கியிருந்தது. இப்போது அங்கே நின்று அண்ணாந்தால் தெரிவது வெறும் பாறை. மேலே ஏறிப்போனால், மிச்சமுள்ள பனியின் ஓரத்தை வெயில் தின்றுவிடாமல் வெள்ளைத் துணி போர்த்தி வைத்திருக்கிறார்கள்.