தோட்டத்தை விற்கும் முன் மகளின் நோட்டைத் திறந்து பாருங்கள்

ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஓர் அப்பாவும் அம்மாவும் மகளை என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்க, அவளையும் கூட்டிக்கொண்டு போன வாரம் என்னிடம் வந்தார்கள். மகள் போன வருடம் பிளஸ் டூ முடித்தவள், கணித-உயிரியல் பிரிவு. நீட்டில் அரசு இடத்துக்கு மதிப்பெண் போதவில்லை. இப்போது ஒரு வருடமாகக் கோச்சிங். "இந்தத் தடவையும் வரலைன்னா தோட்டத்தைக் கொடுத்துட்டுத் தனியார்ல சேத்துடலாம்னு பெரியப்பா சொல்றார்" என்றார் அப்பா. அம்மா அழுதுவிட்டார். பயப்படாதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்பினேன். அது போதாது என்று அன்று இரவே பட்டது. அதனால் எழுதுகிறேன்.

சார், தோட்டத்தை விற்காதீர்கள். பல நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் எம்.பி.பி.எஸ். ஆண்டுக் கட்டணமே 20 லட்சத்தைத் தாண்டுகிறது. விடுதி, சாப்பாடு, புத்தகம் தனி. அதற்குப் பிறகு முதுநிலைக்கு இன்னொரு நுழைவுத் தேர்வு. அந்தச் செலவுக்கு எந்த நிலம் இருக்கிறது? பெரியப்பா பாசத்தில்தான் சொல்கிறார், சந்தேகமில்லை. ஆனால் வட்டி கட்டப்போவது அவர் இல்லை. மருத்துவம்தான் வேண்டும் என்று உங்கள் மகளே கேட்டிருந்தால் நானும் வேறு மாதிரி பேசியிருப்பேன். அவள் ஒரு தடவைகூட "டாக்டர்" என்று சொல்லவில்லை.

அவள் இயற்பியல் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தீர்களா? ஒரு வட்டம், அதற்குள் சுருண்ட ஒரு இழை. என்னம்மா இது என்று கேட்டேன். "முதல் செல், மேடம். என்சைமே இல்லாத காலத்துல ஆர்.என்.ஏ. எப்படித் தன்னைத்தானே காப்பி எடுத்திருக்கும்?" என்றாள். கோச்சிங்கில் கேட்டதற்கு, அது சிலபஸில் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

அது சின்னக் கேள்வி இல்லை. என்சைம் என்றால் செல்லில் வேதிவினைகளை வேகமாக்கும் பொருள், பெரும்பாலும் புரதம். ஆர்.என்.ஏ. என்பது டி.என்.ஏ. போலவே தகவலைச் சுமக்கும் இழை. டி.என்.ஏ.வைப் படியெடுக்கப் புரதம் வேண்டும், அந்தப் புரதத்தைச் செய்ய டி.என்.ஏ.வில் உள்ள தகவல் வேண்டும். அப்படியானால் முதலில் வந்தது எது? 1982-ல் அமெரிக்க விஞ்ஞானி தாமஸ் செக், தகவலைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.வே என்சைம் வேலையும் செய்யும் என்று காட்டினார். அதற்காக 1989-ல் அவருக்கும் சிட்னி ஆல்ட்மனுக்கும் நோபல் கிடைத்தது. நம் உடலில் புரதம் கோக்கும் ரைபோசோமின் மையத்திலும் அந்த வேலையைச் செய்வது ஆர்.என்.ஏ.தான். ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-ல் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்ட வெங்கி ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்தவர். இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியபின் உயிரியலுக்கு வந்தவர்.

அதே 2009-ல் மருத்துவ நோபல் பெற்றவர்களில் ஒருவர் ஜாக் சோஸ்டாக். பரிசு வேறொரு வேலைக்கு, ஆனால் அவர் மனம் போனது உங்கள் மகள் வரைந்த வட்டத்துக்குள்தான். ஆர்.என்.ஏ.வை என்சைம் இல்லாமல் படியெடுக்க மக்னீசியம் வேண்டும். அந்த மக்னீசியமே ஆதிச் செல்லின் கொழுப்பு அமில உறையை உடைத்துவிடும். 2013-ல் அவரும் சக ஆய்வாளர் கதார்சினா ஆடமலாவும் அதில் சிட்ரேட் சேர்த்துப் பார்த்தார்கள், எலுமிச்சையில் இருக்கும் அதே சங்கதி. அது மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டது, உறை தப்பியது, உள்ளே படியெடுப்பும் நடந்தது. அதற்காகப் புதிர் முடிந்துவிடவில்லை. படியெடுத்த இழை மூல இழையோடு ஒட்டிக்கொள்கிறது. சூடாக்கிப் பிரித்தாலும் ஆறியதும் மறுபடி சேர்ந்துவிடுகிறது. அடுத்த சுற்று எப்படி நடந்தது என்பதில்தான் இன்றைக்கும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

"இதெல்லாம் சோறு போடுமா?" என்றார் பெரியப்பா போனில். நியாயமான கேள்வி. உயிரின் தோற்றத்தை மட்டுமே ஆராயும் வேலைகள் குறைவு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் கொழுப்பு உறைக்குள் ஆர்.என்.ஏ. என்றால் என்ன? கோவிட் காலத்து எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியும் அதுதான். கேட்டலின் கரிக்கோவுக்கும் ட்ரூ வைஸ்மனுக்கும் 2023-ல் நோபல் வந்தது அந்தத் தடுப்பூசிக்கு வழிசெய்த வேலைக்காக. புனேயின் ஜெனோவா நிறுவனம் செய்த இந்திய எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசிக்கு 2022-ல் அவசர அனுமதி கிடைத்தது. ஆர்.என்.ஏ.வைக் கையாளத் தெரிந்தவர்களுக்கு மருந்துத் துறையிலும் இடம் உண்டு.

சரி, எங்கே படிப்பது? வழக்கமான படிப்புகளை எல்லா வழிகாட்டி முகாமிலும் சொல்வார்கள், அவற்றை விடுகிறேன். நான் சொல்வது ஐசர், அதாவது இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம். மத்திய அரசுடையது, நாட்டில் ஏழு இருக்கின்றன. திருப்பதியும் திருவனந்தபுரமும் நமக்குப் பக்கம். இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த ஐந்து ஆண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு. தொடக்கத்தில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு, அப்புறம்தான் பிரிவு. கடைசி ஆண்டு முழு ஆராய்ச்சி. புனே ஐசரில் சுதா ராஜமணியின் ஆய்வகம், நனைந்தும் காய்ந்தும் மாறும் சூழலில் ஆர்.என்.ஏ. போன்ற இழைகள் என்சைம் இல்லாமல் எப்படி உருவாகும் என்பதையே ஆராய்கிறது. மகளின் நோட்டில் இருக்கும் கேள்வியும் கிட்டத்தட்ட அதுதானே?

நுழைவு ஐ.ஏ.டி. தேர்வு வழியாக. நான்கு பாடத்திலும் 15 வீதம் 60 கேள்விகள், மூன்று மணி நேரம், 240 மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழியும். நீட்டுக்குப் படித்த மூன்று பாடமும் கைகொடுக்கும். கணிதத்தை ஒரு வருடமாகத் தொடவில்லை என்றாள், இன்றிலிருந்தே எடுக்க வேண்டும். எந்த ஆண்டு பிளஸ் டூ முடித்தவர்கள் எழுதலாம் என்பதற்கு வரம்பு உண்டு, அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். அதாவது இன்னொரு வருடம் நீட்டுக்கு என்று உட்கார வைத்தால், இந்தக் கதவு சாத்திக்கொள்ளக்கூடும்.

பிறகு முனைவர் பட்டம். ஐந்தாறு ஆண்டு ஆகும், முப்பதை நெருங்கிவிடுவாள். ஆனால் அது கட்டணம் கட்டிப் படிக்கும் காலமில்லை. ஜே.ஆர்.எஃப். எனும் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேர்வானால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பிறகு 42,000, வீட்டு வாடகைப்படி தனி.

அம்மா, ஒன்று மட்டும் மகளிடம் நீங்களே கேளுங்கள், பெரியப்பா இல்லாத நேரத்தில். வேதியியல் அவளுக்குப் பிடிக்கிறதா? வரைந்து பார்க்கும் ஆசை மட்டும்தான், வேதியியல் கசக்கிறது என்றால் இந்த வழி வேண்டாம், மறுபடி வாருங்கள், வேறு பார்ப்போம். பிடிக்கும் என்றால் நீட்டையும் எழுதட்டும், ஐ.ஏ.டி.க்கும் இந்த வாரமே விண்ணப்பம் போடுங்கள். தோட்டத்துக்கு ஆள் பார்க்கச் சொல்லியிருக்கும் தரகரிடம் இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.