பொடுகு மாதிரி உதிருது, மெடிக்கல்ல குடுத்த ட்யூப் போட்டேன்...

கேள்வி: வணக்கம் டாக்டர், என் பொண்ணுக்கு 8 வயசு. ரெண்டு மாசம் முன்னாடி தொண்டை வலி, காய்ச்சல் வந்து சரியாச்சு. அப்புறம் ரெண்டு மூணு வாரத்துல முதுகு, வயிறு பூரா மழைத்துளி தெறிச்ச மாதிரி சின்ன சின்ன புள்ளி, மேல வெள்ளையா செதில், தலையிலயும் பொடுகு மாதிரி உதிருது. மெடிக்கல்ல படர்தாமரைன்னு ஒரு ட்யூப் குடுத்தாங்க, போட்டதும் அடங்குச்சு, நிறுத்தினதும் முன்னைவிட ஜாஸ்தியா வந்துருச்சு. ஸ்கின் டாக்டர் பாத்துட்டு சொரியாசிஸ்ங்கறாங்க. கிளாஸ்ல பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்குறாங்கன்னு அழுவுறா. மாமியார் வெட்பாலை தைலமே போதும்ங்கறாங்க. குழந்தைக்குக் கூடவா இது வரும்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: வரும்மா. சொரியாசிஸ் இருக்கறவங்கள்ல மூணுல ஒருத்தருக்கு சின்ன வயசுலயே ஆரம்பிச்சுடுது. ஆனா இது ஒட்டுற வியாதி இல்லவே இல்ல, ஒரே பெஞ்சுல உக்காந்தா, ஒரே தட்டுல சாப்ட்டா, கட்டிப்பிடிச்சா, எதுலயும் பரவாது. இதை கிளாஸ் டீச்சர்கிட்ட நீங்களே நேர்ல போய் சொல்லுங்க, ஸ்கின் டாக்டர்கிட்ட ஒரு லெட்டரும் வாங்கிக் குடுங்க. மருந்தைவிட முதல்ல அவளுக்கு இதுதான் வேணும்.

நீங்க சொன்ன தொண்டை வலிதான் முக்கியமான விஷயம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ்ங்கற கிருமி தொண்டையில வந்துட்டுப் போனா, அதை எதிர்க்கக் கிளம்புன உடம்போட எதிர்ப்பு சக்தி சில குழந்தைங்களுக்கு தோல் மேலயே திரும்பிடும். வழக்கமா ஒரு மாசம் எடுத்து உருவாகுற மேல்தோல் சில நாள்லயே உருவாகி மேல வந்து குவியுது, அதுதான் அந்த செதில். இந்தத் துளித்துளியா வர்ற வகை நிறைய குழந்தைங்களுக்கு மூணு நாலு மாசத்துல தானா அடங்கிடும், சிலருக்கு மட்டும் பெரிய படையா மாறி நீடிக்கும். ஆறுன எடம் கொஞ்ச நாள் கருப்பாவோ வெளுப்பாவோ தெரியும், அது தழும்பு இல்ல, மெல்ல மாறிடும்.

அந்த மெடிக்கல் ட்யூப் பத்திதான் எனக்கு ரொம்ப கவலை. படர்தாமரைக்குன்னு குடுக்கற பல க்ரீம்ல காட்டமான ஸ்டீராய்டு கலந்திருக்கும், அதான் சட்டுன்னு அடங்குது, விட்டதும் பாய்ஞ்சு வருது, நாள்பட போட்டா தோல் மெலிஞ்சு வரி விழும். ஸ்டீராய்டுன்னாலே விஷம்னு சொல்லல. எந்த எடத்துக்கு எவ்வளவு காட்டம், எத்தனை நாள்னு டாக்டர் அளந்து குடுத்தா அதுதான் முதல் மருந்து. முகம், அக்குள் மாதிரி மெல்லிசான எடத்துக்கு டேக்ரோலிமஸ், மத்த எடத்துக்கு கால்சிபோட்ரியால்னு வேற களிம்பும் இருக்கு. பெரியவங்க ஆள்காட்டி விரல் நுனி ரேகை வரைக்கும் பிதுக்குனா அது அரை கிராம், விரலோட சேர்த்து பெரியவங்க கை ரெண்டு அளவு எடத்துக்கு அதுவே போதும்.

இதுல கேக்கலைன்னா தோல் மேல புற ஊதா ஒளி காட்டுற லைட் ட்ரீட்மென்ட், அப்புறம் எதிர்ப்பு சக்தியை அடக்க வாரத்துக்கு ஒரே நாள் போடுற மெத்தோட்ரெக்ஸேட்ங்கற மருந்து, அதுக்கும் மேல பயாலஜிக்ஸ்ங்கற ஊசி மருந்துங்கன்னு படிப்படியா போவாங்க. உங்க பொண்ணுக்கு அவ்வளவு தூரம் தேவைப்படாமலே போகலாம். யார் எழுதிக் குடுத்தாலும் ஸ்டீராய்டு மாத்திரை, ஸ்டீராய்டு ஊசி மட்டும் ஸ்கின் டாக்டரை கேக்காம வேணாம், நிறுத்தும்போது உடம்பு பூரா சீழ் கொப்புளமா வெடிக்கற ஆபத்து இருக்கு.

தலையை சீப்பு வச்சு சுரண்டாதீங்க. ராத்திரி தேங்காய் எண்ணெய் ஊற வச்சு காலையில அலசுனா செதில் தானா கழண்டு வரும். சுரண்டுன எடம், ஸ்கூல் பேக் வார் உரசுற தோள்பட்டை, அங்கெல்லாம் புதுசா வரும், நகத்தை ஒட்ட வெட்டி விடுங்க. வெட்பாலை தைலம் தோல் வறளாம இருக்க தடவறதுன்னா டாக்டர்கிட்ட சொல்லிட்டு தடவுங்க, மருந்தை நிறுத்திட்டு அதை மட்டும் நம்ப வேணாம். கத்திரிக்காய், மீன்னு பத்தியம் போட்டு வளர்ற குழந்தையை வாட்டாதீங்க.

காலையில எந்திரிக்கும்போது விரல், முட்டி வலிக்குதுன்னு சொன்னாலோ நகத்துல குண்டூசி குத்துன மாதிரி குழி விழுந்தாலோ உடனே காட்டுங்க, மூட்டையும் இது பாதிக்கும். அடுத்த தடவை போறப்போ அந்த மெடிக்கல் ட்யூபையும் மறக்காம கையில எடுத்துட்டுப் போங்க.