8 மணி நேரம் 19 நிமிடத்தில் தொடங்கியவர்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காம்ரேட்ஸ் ஓட்டத்தைப் பற்றியவை. கடலோர டர்பனுக்கும் மேட்டிலுள்ள மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடும் தென்னாப்பிரிக்கப் பந்தயம் அது; சில ஆண்டுகளில் ஏறுவார்கள், சில ஆண்டுகளில் இறங்குவார்கள். முப்பத்தொரு ஆண்டுகள் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவள், காம்ரேட்ஸை இருமுறை ஓடி முடித்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகளுக்குப் பதினேழு வயது. பள்ளி ஓட்டப் பந்தயங்களில் ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோதான் வருகிறாள். ஆனால் நெடுந்தூர ஓட்ட வீராங்கனை கெர்டா ஸ்டெய்னைப் போல் ஆக வேண்டும் என்கிறாள். "சாம்பியன் ஆகிறவர்கள் சிறு வயதிலேயே முதலிடம் பிடித்திருப்பார்கள், இவள் படிப்பைப் பார்க்கட்டும்" என்கிறார் என் அண்ணன். நான் என்ன சொல்லட்டும், அக்கா?
– ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

பதில்: உங்கள் அண்ணனிடம் இந்தக் கணக்கை மட்டும் சொல்லுங்கள் அம்மா. கெர்டா தம் முதல் காம்ரேட்ஸை 2015இல் ஓடினார். அன்று அவருக்கு எடுத்த நேரம் 8 மணி 19 நிமிடம். நல்ல ஓட்டம்தான், ஆனால் அன்று யாரும் அவர் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு 7 மணி 8 நிமிடம். 2017இல் நான்காம் இடம், 2018இல் இரண்டாம் இடம். 2019இல் டர்பனிலிருந்து மாரிட்ஸ்பர்க்குக்கு ஏறிய ஓட்டத்தில் 5 மணி 58 நிமிடம் 53 விநாடி. ஏற்றத்தில் ஆறு மணி நேரத்துக்குள் வந்த முதல் பெண் அவர்தான். ரஷ்யாவின் எலெனா நுர்கலியேவா 2006இல் வைத்திருந்த சாதனையை அன்று பத்து நிமிடத்துக்கும் மேலாகக் குறைத்தார்.

நான்கே ஆண்டுகளில் இரண்டு மணி இருபது நிமிடம் குறைந்திருக்கிறது. எனக்கு அவருடைய பதக்கங்களைவிட இந்த இறங்குவரிசைதான் பெரிது. ஒவ்வோர் ஆண்டும் தம்மையே கொஞ்சம் முந்திக்கொண்டு வந்திருக்கிறார்.

படிப்பைப் பற்றி அண்ணன் கவலைப்பட வேண்டாம். கெர்டா ஃப்ரீ ஸ்டேட்டில் ஒரு பண்ணையில் வளர்ந்தவர். ஒரு கட்டடத்துக்கு எவ்வளவு பொருள் தேவை, எவ்வளவு செலவாகும் என்று மதிப்பிடும் படிப்பை முடித்து, துபாயில் அந்த வேலையில் இருந்தவர். ஓட்டத்தை முழுமூச்சாக எடுத்துக்கொண்டதும் அங்கேதான்.

பிறகு நடந்ததை ஊரே அறியும். 2019, 2023, 2024, 2025 என்று காம்ரேட்ஸில் நான்கு வெற்றிகள். கேப் டவுனில் 56 கிலோமீட்டர் ஓடும் டூ ஓஷன்ஸ் பந்தயத்தில் 2018 முதல் 2025 வரை நடந்த ஆறு ஓட்டங்களிலும் முதலிடம். 2021இல் இத்தாலியில் மாரத்தானை 2 மணி 25 நிமிடம் 28 விநாடியில் ஓடி, 1996 முதல் நின்றிருந்த தென்னாப்பிரிக்கச் சாதனையைத் தாண்டினார். அதே ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தானில் பதினைந்தாம் இடம்.

இனி உங்கள் மகளுக்கு. காம்ரேட்ஸில் இருபது வயது நிறைந்தவர்களுக்குத்தான் இடம். அந்த விதி நல்லது. அதுவரை 5 கிலோமீட்டரும் 10 கிலோமீட்டரும் ஓடட்டும், எலும்பும் தசைநாரும் உறுதிப்படட்டும். வயிறு நிறையச் சாப்பிடட்டும். ஒல்லியானால் வேகம் கூடும் என்று சோற்றைக் குறைத்த மாணவிகளைப் பார்த்திருக்கிறேன். ஓட்டம் மிகுந்து உணவு குறைந்தால் மாதவிலக்கு நின்றுபோகும், அதன் பின்னால் எலும்பு வலுவிழந்து விரிசல் விடும். மாதவிலக்கு தவறினால் "ஓடுகிற பெண்ணுக்கு அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. பருப்பும் கீரையும் சமைக்கும்போது எலுமிச்சை பிழியுங்கள், இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும்.

கேள்வி: ஏறும் ஓட்டம் கடினமா, இறங்கும் ஓட்டமா?
– ஒரு வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: மூச்சுக்கு ஏற்றம், தொடைக்கு இறக்கம். இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. அதில் தசை இழைகள் நுண்ணளவில் கிழிகின்றன. பைன்டவுனை நோக்கி இறங்கும் ஃபீல்ட்ஸ் ஹில் சரிவைக் கடந்தபின், சமதரையில்கூட என் கால்கள் எனக்குச் சொந்தமாக இல்லை. அடுத்த நான்கு நாட்கள் மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்கினேன். என்னைக் கேட்டால் இறக்கம்தான் கடினம்.

கேள்வி: ஃப்ரித் வான் டெர் மெர்வா, கெர்டா ஸ்டெய்ன் இருவரில் யார் பெரியவர்?
– ஒரு வாசகி, டொங்காட்

பதில்: 1989ஆம் ஆண்டு நான் ஃபீல்ட்ஸ் ஹில்லில் நின்றிருந்தேன். ஆண்களுக்கு நடுவே ஃப்ரித் இறங்கி வந்ததைக் கண்டு எங்கள் பக்கத்தில் நின்ற பாட்டி ஒருவர் இரு கையையும் தூக்கிக் கும்பிட்டார். பெனோனியில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர் ஃப்ரித். அன்று 5 மணி 54 நிமிடம் 43 விநாடியில் டர்பனை அடைந்தார். ஆண், பெண் எல்லாரையும் சேர்த்துப் பதினைந்தாம் இடம்! இறங்கும் ஓட்டத்தில் பெண்களுக்கான அந்தச் சாதனை 34 ஆண்டுகள் நின்றது. 2023இல் கெர்டாதான் அதை 5 மணி 44 நிமிடம் 54 விநாடியாக்கினார்.

ஒரே ஒரு நாளின் ஓட்டம் என்றால் என் ஓட்டு ஃப்ரித்துக்கு. இன்றைய கார்பன் தகடு வைத்த காலணிகள் அப்போது இல்லை. அதைவிட முக்கியமாக, நிறவெறி ஆட்சியின் காரணமாக 1964 முதல் 1992 வரை ஒலிம்பிக்கின் வாசல் நம் நாட்டுக்கு மூடிக் கிடந்தது. அவருடைய மிகச் சிறந்த ஆண்டுகளை உலகம் பார்க்கவே இல்லை. முழு வாழ்க்கையையும் எடுத்துப் பார்த்தால் கெர்டா.

ஆனால் இவ்விருவருக்கும் முன்னால் இன்னொருவரை வைக்க விரும்புகிறேன். 1923இல் ஃப்ரான்சஸ் ஹேவர்ட் என்ற பெண் காம்ரேட்ஸில் ஓடப் பெயர் கொடுத்தார், நடத்தியவர்கள் ஏற்கவில்லை. அனுமதி இல்லாமலே ஓடி, 11 மணி 35 நிமிடத்தில் முடித்தார். பெண்களையும் வெள்ளையர் அல்லாத ஓட்டக்காரர்களையும் முறைப்படி சேர்த்துக்கொண்டது 1975இல்தான். அதற்கு முந்தைய ஆண்டுகளில் என் அப்பா அந்தச் சாலையோரம் வாளித் தண்ணீரோடு நிற்பார். ஓடி வருகிறவர்களுக்கெல்லாம் மொண்டு கொடுப்பார். 1975இல் அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. என் முதல் பதக்கத்தை நான் அவர் கழுத்தில்தான் போட்டேன்.

கேள்வி: வேடிக்கை பார்க்க எங்கே நிற்பது நல்லது, அக்கா?
– பெயர் வேண்டாம், நார்த்டேல்

பதில்: ஏறும் ஆண்டென்றால் மாரிட்ஸ்பர்க் எல்லையில் உள்ள போலி ஷார்ட்ஸ் மேடு. முதலில் வரும் பெண்களைப் பார்க்க வேண்டுமானால் காலை பத்தரைக்கே வந்துவிடுங்கள். வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள், பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வருகிறவர்களுக்குத்தான் நம் குரல் தேவை. பன்னிரண்டு மணி நேரக் கெடு நெருங்க நெருங்க, அந்த மேட்டில் ஓடுகிறவர்களைவிட நடக்கிறவர்களே அதிகம். உப்புப் போட்டு அவித்த உருளைக்கிழங்கும் ஆரஞ்சும் நான் கொண்டுவருவேன். சாட்ஸ்வொர்த் அம்மா, மகளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். இரண்டு மூட்டை ஆரஞ்சை நறுக்க எனக்கு ஆள் வேண்டும்.