கேளுங்கள், சொல்கிறேன்: மிச்சிகனின் மில்லிகன்

கேள்வி: அமெரிக்க ஆளுநர்களும் எங்கள் மாகாண ஆளுநர்கள் மாதிரித்தானா? ‘மிதவாதி’ என்று சொல்லக்கூடிய ஒருவரைக் காட்டுங்களேன் ஐயா. (கொட்டாஞ்சேனை வாசகர்)

முதலாவதைச் சுருக்கமாக முடிக்கிறேன். எங்கள் ஆளுநரை ஜனாதிபதி நியமிக்கிறார். அங்கே சனம் வாக்குப் போட்டுத் தெரிவு செய்கிறது.

ஆளைக் காட்டச் சொன்னால், மிச்சிகன் மாநிலத்தின் ஆளுநராக இருந்த வில்லியம் மில்லிகன். குடியரசுக் கட்சிக்காரர். 1922இல் மிச்சிகனின் வடபகுதியில் உள்ள ட்ராவர்ஸ் சிட்டியில் பிறந்தார். பாட்டனார் 1873இல் தொடங்கிய கடை அங்கே பேர்போனது. பாட்டனாரும் தகப்பனாரும் மாநில செனட்டர்கள். இவரோ இரண்டாம் உலகப் போரில் பீ-24 குண்டுவீச்சு விமானத்தில் துப்பாக்கியோடு நின்று 50 தடவை போருக்குப் பறந்தவர். மிதவாதி என்றால் பயந்த சுபாவம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

1969 ஜனவரியில் ஆளுநர் ஜோர்ஜ் ரொம்னி குடியரசுக் கட்சி ஜனாதிபதி நிக்சனின் அமைச்சரவைக்குப் போக, துணை ஆளுநராக இருந்த மில்லிகன் கதிரையில் அமர்ந்தார். 1970இல் மயிரிழையில் வென்றார். வாட்டர்கேட் விவகாரத்தில் நிக்சன் பதவி விலகிய 1974இல் கட்சி நாடெங்கும் அடிவாங்கியது. இவர் அப்போதும் வென்றார். 1978இலும் வென்றார். மொத்தம் 14 வருடம். இரண்டு தவணைக்கு மேல் கூடாது என்று 1992இல் அந்த மாநிலம் விதி கொண்டுவந்துவிட்டதால், இனி ஒருவர் இதைத் தாண்டுவது கஷ்டம்.

எனக்கு அவரிடம் பிடித்தது டெட்ரொயிட் விஷயம். மிச்சிகனின் மிகப் பெரிய நகரம், 1967 இனக் கலவரத்தில் எரிந்த நகரம். 1974இல் அங்கே மேயராக வந்த கோல்மன் யங் அந்நகரின் முதல் கறுப்பின மேயர். ஜனநாயகக் கட்சி, தொழிற்சங்கப் பின்னணி, வாயைத் திறந்தால் காரம். மில்லிகனோ வடக்கத்திக் கடைக்காரக் குடும்பத்து வெள்ளையர். இருவருக்கும் ஒத்துப்போகும் என்று எந்தச் சாத்திரக்காரனும் சொல்லியிருக்க மாட்டான். ஆனால் ஒத்துப்போனது. நகரத்தின் கலைக்கூடம், நூலகம் போன்றவற்றுக்கு மாநிலக் கஜானாவிலிருந்து காசு போக மில்லிகன் வழிசெய்தார். தன் சொந்தக் கட்சியின் கிராமப்புற வாக்காளர்கள் முகம் சுளிப்பார்கள் என்று தெரிந்தும் செய்தார். எங்கள் ஊரில் மாநகர சபை ஒரு கட்சியிடமும் அரசாங்கம் இன்னொரு கட்சியிடமும் இருந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

கேள்வி: அவர் செய்ததில் இன்றும் மிஞ்சியிருப்பது எது? (வெள்ளவத்தை வாசகி)

வெற்றுப் போத்தல்! மென்பானம், பியர் போத்தல்களுக்கும் தகர டின்களுக்கும் வாங்கும்போது 10 சதம் வைப்புப் பணம், வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தால் அது திரும்பக் கிடைக்கும். சட்டசபை இழுத்தடித்ததால், கையெழுத்துச் சேகரித்து 1976இல் நேரடியாக மக்கள் வாக்குக்கு விட்டார்கள். மில்லிகன் பக்கபலமாக நின்றார். 1978இல் நடைமுறைக்கு வந்தது.

டெட்ரொயிட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் என் பெறாமகன் கராஜில் பெரிய பை நிறைய டின் சேர்த்து வைப்பான். சுப்பர்மார்க்கெட் வாசலில் உள்ள இயந்திரத்தின் வாயில் ஒவ்வொன்றாகப் போடவேண்டும். நசுங்கிய டின்னைத் துப்பிவிடும். கையெல்லாம் பிசுபிசுக்கும், பழைய பியர் நாறும். கடைசியில் வரும் துண்டைக் காசாளரிடம் கொடுத்தால் காசு. தண்ணீர்ப் போத்தலுக்கோ சல்லிக்காசு கிடையாது. சட்டத்தில் அது இல்லை. இத்தனை வருட விலையேற்றத்துக்குப் பிறகும் அதே 10 சதம் என்பதுதான் அவனுடைய புகார்.

கேள்வி: கட்சி அவரை ஒதுக்கியது உண்மையா? குறையே இல்லாதவரா? (தெஹிவளை வாசகர்)

உண்மைதான். 2004 ஜனாதிபதித் தேர்தலில் தன் கட்சியின் புஷ்ஷை விட்டு ஜனநாயகக் கட்சியின் ஜோன் கெரியை ஆதரித்தார். 2016இல் அதே ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி கிளின்டனுக்கே என் வாக்கு என்றார். அவரது சொந்த மாவட்டக் கட்சிக் கிளை ‘இவரை இனிக் குடியரசுக் கட்சிக்காரராக ஏற்கமாட்டோம்’ என்று தீர்மானம் போட்டது. அப்போது அவருக்கு 94 வயது. 2019இல் காலமானார்.

குறையா? இருக்கிறது. 1973இல் மாட்டுத் தீவனத்தில் தவறுதலாகத் தீத்தடுப்பு இரசாயனம் கலந்துவிட்டது. சுமார் 30,000 மாடுகளை அழிக்கவேண்டி வந்தது. பாலும் இறைச்சியும் சனத்தின் வயிற்றுக்குப் போய்ச் சேர்ந்தபின்தான் விஷயமே வெளிப்பட்டது. மில்லிகனின் அரசு ஆமை வேகத்தில் அசைந்தது. நிதானம் மேயரோடு பேசும்போது நல்லதுதான். தொழுவத்தில் மாடு செத்துக்கொண்டிருக்கும்போது அதை யார் கேட்டார்கள்? மாட்டை இழந்த விவசாயிகள் அவரை மன்னிக்கவில்லை என்றால், நான் அவர்கள் பக்கம்தான்.