ஊட்டியில் அவ்வளவு பெரிய ரேடியோ தொலைநோக்கி இருந்தும் வேற்றுக்கிரக உயிர்களின் தடயம் கிடைக்காதது ஏன்?

ஊட்டி அருகே முத்தோரையில் இருப்பது அதற்காகக் கட்டியதல்ல. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பின் குழு 1970-ல் முடித்தது. ஊட்டியின் அட்சரேகை 11 பாகை சொச்சம். வடக்கு தெற்காக ஏறக்குறைய அதே அளவு சாய்ந்த மலைச்சரிவைத் தேடிப்பிடித்துக் கிடத்தியதால், அதன் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகிவிட்டது. அந்த ஒரே அச்சில் திருப்பினாலே ஒரு பொருளை ஒன்பதரை மணி நேரம் பின்தொடரலாம். அருமையான யோசனை. ஆனால் அதன் காது 326.5 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய சிறு பட்டையில் மட்டும் திறந்திருக்கிறது. 1960-ல் அமெரிக்க வானியலாளர் ஃபிராங்க் டிரேக் வேற்றுக்கிரகச் சிக்னலைத் தேடிய 1420 மெகாஹெர்ட்ஸில், அதாவது ஹைட்ரஜன் அலைவரிசையில், யாராவது கூவினால் ஊட்டிக்குக் கேட்காது.

திசை, அலைவரிசை, நேரம் மூன்றும் ஒத்துவர வேண்டும். 2020-ல் இடிந்து விழும்வரை போர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரசிபோ தொலைநோக்கி அனுப்பிய ரேடார் வீச்சைப் பல ஆயிரம் ஒளியாண்டுக்கு அப்பால் அதே அளவு தொலைநோக்கி பிடித்துவிடும். ஆனால் அந்தக் கற்றை ஒரு நட்சத்திரத்தைத் தொட்டு நகர்ந்துவிடும். கோத்தகிரிக்கு இரண்டு நாள் வந்துவிட்டு, 'குறிஞ்சி என்று ஒரு பூவே கிடையாது' என்று சொல்ல முடியுமா?

கிடைக்கும் சிக்னல்களோ பெரும்பாலும் நம் வீட்டுச் சத்தம். அதனால் முதல் சோதனை சிக்னலின் அலைவரிசை அகலம்: சில ஹெர்ட்ஸுக்குள் ஒடுங்கியிருந்தால் இயற்கையாக இருக்க வாய்ப்பு குறைவு. அடுத்தது நகர்வு: பூமி சுழல்வதால் வெளியிலிருந்து வரும் அலைவரிசை மெல்ல வழுக்க வேண்டும்; அசையாமல் நின்றால் பக்கத்தில் ஏதோ மின்கருவி. பிறகு நட்சத்திரத்தைச் சில நிமிடம், விலகிச் சில நிமிடம் என்று மாறி மாறிப் பார்ப்பார்கள். விலகியபோதும் கேட்டால் குப்பைத்தொட்டிதான்.

2019-ல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் சூரியனுக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரமான புரொக்சிமாவின் திசையிலிருந்து 982 மெகாஹெர்ட்ஸில் வந்த சிக்னல் இந்த மூன்றிலும் தேறியது. கடைசியில் வேறு அலைவரிசைகளில் அதே சாயலில், விலகிப் பார்த்த நேரத்திலும் தென்பட்ட சிக்னல்கள் காட்டிக்கொடுத்தன: மின்கருவிகளின் அலைகள் ஒன்றோடொன்று கலந்து பிறந்தது.

இதெல்லாம் ரேடியோ வைத்திருப்பவர்களுக்கு. பூமியில் உயிர் 350 கோடி ஆண்டுக்கு மேலாக இருக்கிறது, ரேடியோ வந்து நூறு ஆண்டு சொச்சம்தான். நுண்ணுயிர் மட்டும் உள்ள கோளை அதன் வளிமண்டலத்தில்தான் தேட வேண்டும்: ஆக்சிஜனும் மீத்தேனும் சேர்ந்து நீடிக்காது, எனவே இரண்டும் இருந்தால் ஏதோ ஒன்று தொடர்ந்து அவற்றை ஊட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் சூரியன் பூமியைவிட ஏறத்தாழ 1000 கோடி மடங்கு பிரகாசம். அந்த வெளிச்சத்தை மறைத்துவிட்டு இன்னொரு பூமியின் காற்றைப் படிக்கும் தொலைநோக்கி இன்னும் வரவில்லை.