சமமா, இல்லையா என்று கேட்கும் பெண்ணுக்கு எந்தப் படிப்பு?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பள்ளிப் படிப்பை முடித்த மகள் ஒரு மாதமாகக் கணினியை விட்டு எழுந்திருப்பதில்லை. என்ன செய்கிறாய் என்றால், "இரண்டு பட்டியல்கள் சமமா என்று பார்க்கிறேன்" என்கிறாள். அதற்கு ஒரு மாதமா என்று வீடே பதறுகிறது. இதற்கிடையில் அவளுடைய பெரியப்பா, செயற்கை நுண்ணறிவு என்று பெயர் போட்ட ஒரு பட்டப்படிப்பில் இடம் பேசி வைத்துவிட்டார். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கினால் கட்டணத்தைச் சமாளிக்கலாம் என்பது அவருடைய யோசனை. மகள் மசியவில்லை. பெண் வழிதவறிப் போகிறாளோ என்று அஞ்சுகிறீர்கள்.

அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் உங்களைத் தேற்றுவதைவிட, அந்தக் கடன் பத்திரத்தில் நீங்கள் கையெழுத்துப் போடாமல் பார்த்துக்கொள்வது எனக்கு முக்கியம். போடாதீர்கள். உங்கள் மகள் வழிதவறவில்லை. கணினித் துறையின் அடித்தளத்தில் இருக்கும் ஒரு கேள்வியில் தானாகவே போய் நின்றிருக்கிறாள். அது எவ்வளவு ஆழமான கேள்வி என்று தெரிந்தால்தான் அவளுக்கு எந்தப் படிப்பு பொருந்தும் என்று நம்மால் பேச முடியும்.

எண்கள் இரண்டைத் தந்தால் எந்த நிரல் மொழியும் நொடியில் ஒப்பிட்டுவிடும். பட்டியலுக்குள் பட்டியல், அதற்குள் ஓர் அகராதி (பெயரும் அதற்குரிய மதிப்புமாகச் சேர்த்த தொகுப்பு), அதற்குள் இன்னொரு பட்டியல் என்று பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கிய தரவு வந்தால் நிலைமை வேறு. ஜாவாஸ்கிரிப்டில் இரண்டு காலிப் பட்டியல்களைத் தனித்தனியாக உருவாக்கிச் சமமா என்று கேளுங்கள். இல்லை என்றுதான் பதில் வரும். உள்ளே இருப்பதை அந்த மொழி பார்ப்பதில்லை. இரண்டும் நினைவகத்தில் ஒரே பொருள்தானா என்று மட்டும் பார்க்கிறது. பைத்தான் அப்படியில்லை, உள்ளே இறங்கி ஒவ்வோர் உறுப்பாக ஒப்பிடும். ஜாவாவிலோ அணிகள் எனப்படும் வரிசைத் தரவுகளின் மேல்தட்டை ஒப்பிட ஒரு செயற்கூறும் (ஒரு வேலைக்கென்று எழுதிய நிரல் துண்டு), அடிவரை ஒப்பிட வேறொரு செயற்கூறும் தனித்தனியே இருக்கின்றன. எந்த இடத்தில் எதை அழைக்க வேண்டும் என்று தெரியாதவர் எழுதும் நிரல், பிழைச் செய்தி எதையும் காட்டாமல் தவறான விடையைத் தரும்.

அடிவரை இறங்கும் செயற்கூற்றைத்தான் உங்கள் மகள் எழுதிக்கொண்டிருக்கிறாள். இரண்டு தரவுகளும் ஒரே வகையா, நீளம் ஒன்றா என்று பார்த்து, ஒவ்வொரு சோடியையும் எடுத்து அதே செயற்கூற்றிடம் மீண்டும் கொடுக்க வேண்டும். பாடப் புத்தகம் தற்சுழற்சி என்று சொல்வது இதைத்தான். முதல் வடிவத்தை ஒரு மாலையில் எழுதிவிடலாம். அவளை ஒரு மாதம் பிடித்து வைத்தவை அதற்குப் பிறகு வரும் சிக்கல்கள்.

எண்ணே அல்லாத விடையைக் குறிக்க ஒரு தனி மதிப்பு உண்டு. கணினி பதின்ம எண்களைக் கையாளும் விதத்தை வரையறுத்து 1985-இல் வந்த ஐஇஇஇ 754 தரநிலையின்படி அந்த மதிப்பு தனக்குத்தானே சமம் அல்ல. அப்படியானால் அதை உள்ளே வைத்திருக்கும் பட்டியல் தனக்குத்தானே சமமா? பைத்தான் ஆம் என்கிறது. ஏனென்றால் பட்டியலின் உறுப்புகளை ஒப்பிடும்போது, இரண்டும் ஒரே பொருளாக இருந்தால் மேற்கொண்டு கேள்வி கேட்காமல் சமம் என்று எடுத்துக்கொள்கிறது. கோ மொழியில் அடிவரை ஒப்பிடும் செயற்கூறு, உருவாக்கப்படவே இல்லாத பட்டியலையும் காலியான பட்டியலையும் வேறுவேறு என்று சொல்லும். இவை எல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவுகள். அந்த யாரோ ஒருவராக உங்கள் மகள் ஏன் இருக்கக் கூடாது என்பதுதான் என் கேள்வி.

இன்னும் கடினமானது, தன்னையே தனக்குள் வைத்திருக்கும் பட்டியல். அப்படிப்பட்ட இரண்டைத் தனித்தனியே உருவாக்கிப் பைத்தானிடம் ஒப்பிடச் சொன்னால், இறங்கிக்கொண்டே போய், தற்சுழற்சி எல்லை மீறியது என்று பிழை காட்டி நின்றுவிடும். கோ மொழி, ஏற்கெனவே ஒப்பிடத் தொடங்கிய சோடிகளைக் குறித்து வைத்துக்கொண்டு இந்தச் சுழலிலிருந்து தப்பிக்கிறது. ஸ்கீம் மொழிக்கு 2007-இல் வந்த வரையறை, இத்தகைய ஒப்பீடு எப்படியும் ஒரு விடையோடு முடிந்தே தீர வேண்டும் என்று விதித்தது. முடிவது ஒன்று, வேகமாக முடிவது மற்றொன்று. ஒவ்வொரு தட்டிலும் இரண்டு கைகளும் அடுத்த தட்டில் உள்ள ஒரே பொருளைச் சுட்டும்படி 30 தட்டுகள் அடுக்கினால், உண்மையில் இருப்பது முப்பது சொச்சம் பொருள்கள்தான். ஆனால் அப்படிப்பட்ட இரண்டு அடுக்குகளை அப்பாவித்தனமாக ஒப்பிடும் செயற்கூறு 107 கோடிக்கும் அதிகமான முறை அடித்தட்டைத் தொடும். மைக்கேல் ஆடம்ஸ், கென்ட் டிப்விக் என்ற கணினி ஆய்வாளர்கள் 2008-இல் இதற்கு ஒரு திறமான வழியை வெளியிட்டார்கள். சமம் என்று கருதிய பொருள்களை ஒரே குழுவாகச் சேர்த்துக்கொண்டே போனால், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. உங்கள் மகள் தன் குறிப்பேட்டில் எழுதியிருப்பதாக நீங்கள் படம் எடுத்து அனுப்பிய பக்கத்தில், "பார்த்ததையே மீண்டும் பார்க்காமல் இருப்பது எப்படி?" என்ற வரிக்கு அடிக்கோடு இட்டிருக்கிறாள். யாரும் சொல்லித் தராமல் அந்த இடம் வரை வந்திருக்கிறாள், அம்மா. நான் சந்திக்கும் மாணவர்களில் இப்படி ஒருவரை அடிக்கடி பார்ப்பதில்லை.

எல்லோரும் சொல்லும் மென்பொருள் வேலைகளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. பெரியப்பாவே அவற்றை ஒப்பிப்பார். யாரும் எடுத்துச் சொல்லாத ஒரு துறை இருக்கிறது: நிரல் மொழிகளையும் அவற்றைச் சோதிக்கும் கருவிகளையும் கட்டுகிறவர்களின் துறை. உலகில் எழுதப்படும் தானியங்கிச் சோதனைகளில் பெரும்பாலானவை கடைசியில் ஒரே கேள்வியில்தான் முடிகின்றன: எதிர்பார்த்த விடையும் வந்த விடையும் சமமா? அந்தச் 'சமம்' தளர்வாக இருந்தால் பிழை கண்ணில் படாமல் தப்பிவிடும். ஜெஸ்ட் என்ற சோதனைக் கருவியில் ஒரு வகை ஒப்பீடு, வரையறுக்கப்படாத மதிப்புள்ள புலங்களைப் பொருட்படுத்தாது. கண்டிப்பான மற்றொரு வகை அவற்றையும் கணக்கில் எடுக்கும். இந்த நுணுக்கத்தை முடிவு செய்யவும், ஆவணப்படுத்தவும், காக்கவும் ஆட்கள் தேவைப்படுகிறார்கள். நிரல்களை இயந்திரங்களே எழுதித் தள்ளும் காலத்தில், வந்த விடை சரியா என்று பார்க்கிறவரின் தேவை கூடும் என்றே நான் நம்புகிறேன்.

இந்தத் துறையின் வாசலுக்குக் கட்டணமே இல்லை. ஜாவாஸ்கிரிப்டின் அதிகாரபூர்வத் தரநிலைக்கு டெஸ்ட்262 என்று ஒரு சோதனைத் தொகுப்பு இருக்கிறது. பல்லாயிரக்கணக்கான சிறு கோப்புகள் கொண்டது. நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் யாரும் திறந்து படிக்கலாம். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி ஆகிய உலாவிகளுக்குள் ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் மென்பொருளைக் கட்டுகிறவர்கள் தங்கள் வேலையை இதை வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் தரநிலையின் எந்தப் பகுதியைச் சோதிக்கிறோம் என்ற குறிப்பு இருக்கும். கீழே சில வரிகளில் சோதனை. உங்கள் மகளுக்கு ஒரு செய்தி சொல்லுங்கள்: அந்தத் தொகுப்பின் துணைக் கோப்புகளில், அடுக்கடுக்கான தரவை அடிவரை ஒப்பிடும் செயற்கூறு ஒன்றும் இருக்கிறது. தான் எழுதியதை அதோடு வரிக்கு வரி வைத்துப் பார்க்கட்டும். எங்கே வேறுபடுகிறது, ஏன் வேறுபடுகிறது என்று ஒரு பக்கம் எழுதட்டும். பிறகு, இதுவரை யாரும் சோதிக்காத ஒரு மூலையைக் கண்டுபிடித்துச் சோதனை எழுதி அனுப்பலாம். பங்களிப்பு உரிம ஒப்பந்தம் ஒன்றில் கையொப்பம் இட வேண்டும். அதைத் தவிர வேறு தடை இல்லை. அனுப்பியதை அனுபவம் உள்ளவர்கள் படித்துக் குறை சொல்வார்கள். அந்தக் குறைகள்தான் கல்வி. எந்தக் கல்லூரியின் பெயரும் கேட்காமல் அவளுடைய வேலையை மட்டும் வைத்து மதிப்பிடும் இடம் அது.

பதினெட்டு வயது நிறைந்ததும் கூகுள் நடத்தும் 'சம்மர் ஆஃப் கோட்' திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2005-இல் தொடங்கியது. 2022 முதல் மாணவர் அல்லாத புதியவர்களுக்கும் கதவு திறந்திருக்கிறது. மூல நிரலை எல்லோருக்கும் திறந்து வைக்கும் திறமூல அமைப்பு ஒன்றில் வழிகாட்டியின் கீழ் வேலை செய்து, உதவித்தொகையும் பெறலாம். பைத்தான் அறக்கட்டளையும் எல்எல்விஎம் கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) அமைப்பும் அதில் பல ஆண்டுகளாகப் பங்கேற்றிருக்கின்றன. பிற்பாடு வேலை என்று வரும்போது, உலாவி நிறுவனங்கள், தரவுத்தள நிறுவனங்கள், கம்பைலர் குழுக்கள் இருக்கின்றன. ஸ்பெயினைச் சேர்ந்த இகாலியா போன்ற, ஊழியர்களே உரிமையாளர்களான கூட்டுறவு நிறுவனங்களும் உலாவிகள், நிரல் மொழிகள் சார்ந்த வேலைகளைச் செய்கின்றன. இந்த இடங்கள் எண்ணிக்கையில் குறைவு; அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் இங்கே பழகிய கைக்கு மென்பொருள் தரம் சார்ந்த எந்த நிறுவனத்திலும் வேலை இருக்கும். அங்கே தொடங்கி இங்கே வருவதுதான் கடினம்.

இனி பணம். இந்தத் துறைக்குத் தேவையானவை தரவுக் கட்டமைப்பு, கணிதத் தருக்கம், நெறிமுறைகள் (அல்காரிதம்), நிரல் மொழிகளின் கோட்பாடு, கம்பைலர். பெயரில் மினுக்கு இல்லாத, கட்டணம் குறைந்த சாதாரணக் கணினி அறிவியல் பட்டமோ கணிதப் பட்டமோ இவற்றைக் கற்றுத்தரும். பெரியப்பா சொல்லும் படிப்பின் பாடத்திட்டத்தை வாங்கி, இந்த ஐந்தும் எத்தனை பருவங்களில் வருகின்றன என்று பாருங்கள். ஐந்தும் முழுமையாக இருந்தால், அதே பாடம் கட்டணம் குறைந்த இடத்திலும் கிடைக்கும். கூடுதல் பணம் பெயர்ப் பலகைக்குத்தான் போகிறது. ஐந்தும் இல்லையென்றால் அந்தப் படிப்பு அவளுக்குத் தேவையே இல்லை. இரண்டில் எதுவானாலும் வீட்டை அடகு வைக்கக் காரணம் கிடையாது. இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

செயற்கை நுண்ணறிவைப் படிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவளுக்கு நாட்டம் வந்தால் மேற்படிப்பில் போகட்டும். மேலே சொன்ன ஐந்தும் அங்கேயும் கைகொடுக்கும். இன்று அவளுக்கு அந்த நாட்டம் இல்லை. இல்லாத நாட்டத்தைக் கடன் வாங்கி உண்டாக்க முடியாது. உறவினர் முன்னால் சொல்லிக்கொள்ள ஒரு பெயர் வேண்டும் என்பதற்காக நான்கு ஆண்டுகளை அவளிடமிருந்து எடுத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை, பெரியப்பாவுக்கும் இல்லை. கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பாவிடம் நேருக்கு நேர் வாதாட வேண்டாம். அவரும் பெண்ணின் நன்மைக்காகத்தான் அலைகிறார். அவர் பேசி வைத்த இடத்துக்கு முன்பணம் கட்டியிருந்தால் திரும்பப் பெறும் விதியையும் கடைசித் தேதியையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதை இந்த வாரமே செய்யுங்கள். கட்டணம் குறைந்த இரண்டு மூன்று கல்லூரிகளின் கணினி அறிவியல், கணிதப் பாடத்திட்டங்களை மகளிடமே கொடுங்கள். எதில் எந்தப் பாடம் எப்போது வருகிறது என்று அவளே ஒரு தாளில் எழுதி உங்கள் இருவருக்கும் விளக்கட்டும். அவள் எழுதிய செயற்கூற்றை, தன்னையே உள்ளடக்கிய பட்டியலுக்கான சோதனையோடு சேர்த்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதைப் படித்துவிட்டு, டெஸ்ட்262 தொகுப்பில் முதல் பங்களிப்புக்கு எந்தப் பகுதியில் தொடங்கலாம் என்று அவளுக்கே நேரடியாக எழுதுகிறேன்.